பினாங்குக் கரையில் பேத்திக்கு ரெண்டு பேரு

கப்பல் பினாங்கு போய்ச் சேர இன்னும் ரெண்டு நாள் இருந்துச்சு. அப்பத்தான் எனக்கு விஷயம் தெரிஞ்சுது. ஏழு வயசுப் பேத்தி என் மடியில தலை வெச்சுப் படுத்துக்கினு இருக்கா. ஆனா என் பையில இருக்கற காயிதப்படி பார்த்தா அவ வேற யாரோ ஒரு பொண்ணு. சுத்தி எங்க பார்த்தாலும் தண்ணி. எறங்கி ஓடவும் முடியாது, திரும்பிப் போகவும் முடியாது. 

இத்தினி வருஷமா இதை நான் சபையில வாய் திறந்து சொன்னதில்லை. நம்ம போதகர் ரெண்டு தடவை சாட்சி சொல்லக் கேட்டாரு. தொண்டை கட்டிக்கிச்சு, இடுப்பு புடிச்சிக்கிச்சுன்னு எதையாவது சாக்கு சொல்லி நழுவிட்டேன். வெக்கம்தான், வேற ஒண்ணும் இல்லை. இன்னிக்கு ஆண்டவர் என்னை நிக்க வெச்சிட்டாரு. நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன், குறைச்சுச் சொன்னா என் வீட்டுக்காரி எஸ்தர் அங்க உக்காந்து முறைப்பா.

என்னை உங்களுக்குத் தெரியும். சாமுவேலு. ரயில்வேயில கீமேன். கும்மிடிப்பூண்டி செக்ஷன்ல இருபத்தாறு வருஷம் தினமும் தண்டவாளத்தோட நடந்து, எந்த ஆப்பு தளர்ந்திருக்கு, எந்த போல்ட்டு ஆடுதுன்னு பார்த்து சுத்தியால அடிச்சு இறுக்கறதுதான் என் வேலை. அந்தத் திமிரு எனக்கு நிறைய உண்டு. என் கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போகாதுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்.

எங்க ஒரே மக லில்லியை மலேசியாவுல ஒரு ரப்பர் எஸ்டேட்டு ஆஸ்பத்திரியில மருந்து கட்டற டிரெஸ்ஸரா இருந்த மாப்பிள்ளைக்குக் கொடுத்தோம். தலைப்பிரசவத்துக்கு அவ கப்பலேறி இங்க வந்தா. பொறந்தது பொண்ணு. சபையில ஞானஸ்நானம் கொடுத்து ஜெபமணின்னு பேர் வெச்சோம். ஒன்பதாம் மாசம் திரும்பிப் போகணும். அந்த நேரம் பார்த்து புள்ளைக்கு மூச்சுத் திணறல். கடல் காத்து ஆகாது, கப்பல்ல கொண்டு போகாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாப்பிள்ளை அங்க தனியா, லீவும் முடிஞ்சு போச்சு. லில்லி புள்ளையை எஸ்தர் கையில கொடுத்துட்டு பால் கட்டாம இருக்க மார்பைத் துணியால இறுக்கிக் கட்டிக்கினு ஹார்பருக்கு ரயிலேறினா. அடுத்த வருஷம் வந்து கூட்டிக்கினு போறேன்னா. அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு ஆறு வருஷம் ஓடிப்போச்சு. மாப்பிள்ளை தன் பொண்ணை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கன்னு லில்லி எழுதாத கடுதாசி இல்லை. எஸ்தர் விடலை. புள்ளையை ஃபோட்டோ புடிச்சா ஆயுசு குறையும்னு அவளுக்கு ஒரு பயம். ஏற்கெனவே மூச்சு இழுக்கற புள்ளை வேற. நாம விசுவாசிங்க, இதெல்லாம் நம்பலாமான்னு ரெண்டு தடவை சத்தம் போட்டேன். அப்புறம் எனக்கே பயம் வந்து விட்டுட்டேன்.

எழுபத்திரண்டாம் வருஷம் மாப்பிள்ளை அங்க எழுதிக் கொடுத்து பர்மிட்டு வாங்கி அனுப்பினாரு. பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு விட்டதும் நானும் எஸ்தரும் புள்ளையைக் கூட்டிக்கினு போய் அப்பன் ஆத்தாகிட்ட விட்டுட்டு, ஒரு மாசம் இருந்துட்டு வர்றதுன்னு பேச்சு. பாஸ்போர்ட்டுக்குன்னு மட்டும் எஸ்தர் அழுதுக்கினே புள்ளையை ஒரு ஃபோட்டோ புடிக்க விட்டா, அதுல ஒண்ணைக்கூட லில்லிக்கு அனுப்ப விடலை. பாஸ்போர்ட்டு, அம்மை ஊசி புஸ்தகம், பர்மிட்டு எல்லாத்தையும் எண்ணெய்த் துணியில சுத்தி ஒரு பையில போட்டு என் வயித்தோட கட்டிக்கினேன். மெட்ராஸ் ஹார்பர்ல ஒரே நெரிசல். மூணு ஆளு, மூணு பாஸ்போர்ட்டு, மூணு பர்மிட்டுன்னு எண்ணிப் பார்த்துட்டு முத்திரை குத்தி அனுப்பிட்டாங்க.

எங்களுக்கு டெக்குலதான் எடம். மேல தார்ப்பாய், கீழ பலகை. நாகப்பட்டினம் தாண்டினதும் எஸ்தர் சுருண்டு படுத்தவதான். பழவேற்காட்டுக் கருவாடு ஒரு மூட்டை கட்டிக்கினு வந்திருந்தா, அந்த வாடைக்குப் பக்கத்துல இருந்தவங்க எல்லாம் பாயைத் தள்ளிப் போட்டுக்கினாங்க. ஜெபமணிக்கு மட்டும் ஒண்ணும் ஆகலை. கம்பியைப் புடிச்சுக்கினு மீன் எகிறுதான்னு பார்த்துக்கினே இருப்பா. "தாத்தா, எங்கம்மா எப்பிடி இருப்பாங்க?" இதையே நாளைக்குப் பத்து தடவை கேப்பா.

அஞ்சாம் நாளு எல்லாரும் கரையில கொடுக்கற ஃபாரத்தை எழுத ஆரம்பிச்சாங்க. எனக்குத் தமிழ் படிக்க வரும், இங்கிலீஷ் தெரியாது. எங்களோட ஒரு எஸ்டேட்டு குமாஸ்தா வந்தாரு, லீவு முடிஞ்சு திரும்பறவரு. அங்க அவங்களைக் கிராணின்னு சொல்வாங்க. நல்ல மனுஷன். சும்மாவே பத்து பேருக்கு எழுதிக் கொடுத்தாரு. என் காயிதத்தை வாங்கிப் பார்த்தவரு, ஒண்ணை வெயில்ல புடிச்சாரு, இன்னொண்ணைப் பக்கத்துல வெச்சாரு.

"பெரியவரே, பாஸ்போர்ட்டுல கஸ்தூரின்னு இருக்கு. பர்மிட்டுல ஜெபமணின்னு இருக்கு. உங்களோட வர்றது யாரு?"

இங்கிலீஷ் தெரியாத நான் ரெண்டு காயிதத்தையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

நம்ம தெருவுல இருக்கறவங்களுக்கு நான் விளக்க வேணாம். நமக்கெல்லாம் ரெண்டு பேரு. சபையில ஒண்ணு, கவர்மெண்டு காயிதத்துல ஒண்ணு. என்னையே சபையில சாமுவேலுன்னு கூப்புடறீங்க, ரயில்வே பாஸ்ல முனுசாமி. புள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனப்ப ஹெட்மாஸ்டர் பேனாவைக் கையில புடிச்சுக்கினு, "வேதக்காரப் பேரு போட்டா எஸ்.சி. சலுகை எதுவும் கிடைக்காதுய்யா, வேற பேரு சொல்லு"ன்னாரு. வாயில வந்தது கஸ்தூரி. சொல்லிட்டேன். அதோட மறந்தும் போயிட்டேன், ஏன்னா யாரும் அவளை அப்பிடிக் கூப்புட்டதில்லை. பாஸ்போர்ட்டுக்குப் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டைக் கொடுத்தோம். மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சது ஜெபமணிதான், அவரு அதை எழுதி பர்மிட்டு வாங்கிட்டாரு. அத்தனை வருஷம் ஆப்பு பார்த்த கண்ணு, இதைப் பார்க்கலை.

"இப்ப இன்னாங்க ஆவும்?"ன்னு கேட்டேன்.

கிராணி குரலைத் தாழ்த்திக்கினாரு. "புள்ளை மாத்திக் கொண்டாறாங்கன்னு அங்க ரொம்பக் கெடுபிடி. உங்களை இதே கப்பல்ல திருப்பி அனுப்புவாங்க. விசாரணை முடியறவரைக்கும் புள்ளையை அங்கேயே அனாதை விடுதியில வெச்சிடுவாங்க."

அனாதை விடுதி.  பாஷை தெரியாத ஊர்ல, அப்பா அம்மா மொகம் தெரியாத புள்ளை, ராத்திரியில மூச்சு இழுத்தா யார்கிட்ட சொல்லும்? நான் திரும்பிப் பார்த்தேன். ஜெபமணி கம்பியைப் புடிச்சுக்கினு யாருக்கோ கையாட்டிக்கினு இருந்தா.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு வெக்கம். கிராணி பையில ஒரு பிளேடு வெச்சிருந்தாரு. பர்மிட்டுல இருக்கற பேரைச் சுரண்டிட்டு அது மேலயே கஸ்தூரின்னு எழுதிடலாம்னாரு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், எனக்காகப் பரிதாபப்பட்டுத்தான் சொன்னாரு. ஆனா பிளேடைக் காயிதத்துல வெக்க அவரு தயங்கினாரு. "கொடுங்க"ன்னு வாங்கி நானே சுரண்டினேன். தண்ணி தெளிச்சு, ஆண்டவர் பேரைச் சொல்லி, நான் கையில ஏந்தி வெச்ச பேரு. அதை என் கையாலயே சுரண்டினேன். பாதி போறதுக்குள்ள காயிதம் நைஞ்சு ஓட்டை விழுந்துடுச்சு.

கிராணி எழுந்துட்டாரு. "நான் இதுல இல்லைங்க பெரியவரே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

முன்னாடி பேர்தான் மாறி இருந்துச்சு. இப்ப கள்ளக் காயிதமும் ஆயிப்போச்சு. எஸ்தர்கிட்ட சொல்லவே ஒரு பகலு ஆச்சு. அவ சுருண்டு கிடந்த எடத்துலேர்ந்து எழுந்து உக்காந்தா.

"இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க? நீயே போய் மாட்டிக்கினியே."

"பயத்துல பண்ணிட்டேன் எஸ்தரு."

"எனக்கு மட்டும் பயம் இல்லியா? புள்ளையைப் புடுங்கிக்கினா நான் கடல்ல வுழுந்துடுவேன். எதுவா இருந்தாலும் நெஜத்தைச் சொல்லிடு. இன்னொரு பொய் தாங்காது."

ரெண்டு நாளும் ஒரு வாய் சோறு எறங்கலை. யாராவது யூனிபாரத்துல நடந்து வந்தா வயித்துல கட்டின பையைக் கையால மூடிக்குவேன். ஜெபம் பண்ணலாம்னு நங்கூரச் சங்கிலிப் பக்கமா போய் முட்டி போட்டேன்.  ஆண்டவரே, இந்த ஓட்டை யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு கேக்க வாய் எடுத்தேன். களவுக்கு அவரைக் கூட்டு சேர்க்கற மாதிரி இருந்துச்சு. அப்பிடியே எழுந்து வந்துட்டேன். பயத்துலயே பெரிய பயம் அதுதான். சாமியும் இல்லாம தனியா நிக்கற பயம்.

பினாங்குல எறங்கற அன்னிக்குக் காலையில பெரிய ஷெட்டுல வரிசையா நிக்க வெச்சாங்க. மேஜையில ஒரு மலாய் ஆபீசர். பக்கத்துல அவரு பேச்சைத் தமிழ்ல எடுத்துச் சொல்ல ஒரு துபாஷி, நம்ம ஆளு. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டத்துல லில்லி தனியா நிக்கறா, மாப்பிள்ளைக்கு எஸ்டேட்டுல லீவு கிடைக்கலை. மொகம் ஒடுங்கிப் போயிருந்துச்சு, ஆனா எனக்குத் தெரிஞ்சுது. அவளும் என்னைப் பார்த்துட்டா. அவ கண்ணு என்னைத் தாண்டித் தாண்டித் தேடுது. ஜெபமணி வெளிய தெரியாம எஸ்தர் புடவைக்குள்ள ஒளிஞ்சுக்கினு இருந்தா.

எங்க முறை வந்துச்சு. ஆபீசர் பர்மிட்டைத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சாரு. ஓட்டை வழியா அவரு கண்ணு தெரிஞ்சுது. நெசமாத்தான் சொல்றேன்.

"இது யார் செஞ்சது?"ன்னு துபாஷி கேட்டாரு.

மூணு ஆளுக்குப் பின்னாடி கிராணி நிக்கறாரு. தலையைக் குனிஞ்சுக்கினாரு. அவரு மேல ஒரு வார்த்தை சொன்னா தப்பிக்கலாம்னு மனசு சொல்லுது. எஸ்தர் என் முதுகுல விரலால குத்தினா.

"நான்தாங்க செஞ்சேன். பிளேடால சுரண்டினேன். பயந்துட்டேன்."

அப்புறம் புள்ளைக்கு ரெண்டு பேரு வந்த கதையை எல்லாம் சொன்னேன். ஹெட்மாஸ்டர், சலுகை, ஞானஸ்நானம், ஒண்ணு விடலை. ஊர் தெரியாத மனுஷன் முன்னாடி நம்ம தெரு விஷயத்தைச் சொல்றப்ப உடம்பு கூசிப்போச்சு. ஆபீசர் மொகத்துல ஒண்ணும் தெரியலை. அவரு சொன்னதைத் துபாஷி எடுத்துச் சொன்னாரு. "பேர் ரெண்டுன்னு நீங்க சொல்றீங்க. பர்மிட்டு வாங்கின ஜெபமணி இந்தப் பொண்ணுதான்னு இவருக்கு எப்படித் தெரியும்? காயிதத்தைத் திருத்தினதுக்கே ஜெயில் உண்டு. புள்ளையோட அம்மா வந்திருக்காங்களா?"

லில்லியைக் கூப்பிட்டு முதல்ல பக்கத்து ரூம்புல உக்கார வெச்சாங்க. எங்களை ஒரு ஓரமா சுவத்தைப் பார்த்து நிக்கச் சொன்னாங்க. வாயைத் திறக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. கப்பல்ல வந்த அதே வயசுப் பொண்ணுங்க ஆறு பேரை பெஞ்சில உக்கார வெச்சாங்க. அதுல ஜெபமணியும் ஒண்ணு. எஸ்தர் கையிலேர்ந்து அவளைப் பிரிக்கறப்ப, "ஆயா, ஆயா"ன்னு ஒரு சத்தம் போட்டா. அப்புறம் பயத்துல அழுகையும் நின்னு போச்சு. அதுக்கப்புறம்தான் லில்லியை உள்ள விட்டாங்க.

நான் சுவத்தைப் பார்த்துக்கினு நின்னேன். சுண்ணாம்பு அடிச்ச சுவரு, கண்ணுக்கு நேரா ஒரு ஆணி. ரெண்டு நாளா வராத ஜெபம் அப்ப வந்துச்சு. ஆண்டவரே, நான் பண்ணினது தப்பு. என்னை ஜெயில்ல போட்டாலும் சரி. எம் மகளுக்கு அவ புள்ளையை அடையாளம் காட்டிக் கொடும். ஒரே ஒரு தடவை அவ விரல் சரியான புள்ளை பக்கம் போகட்டும். இதையே திருப்பித் திருப்பிக் கேட்டேன். சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டிக்கிச்சு.

"உங்க பொண்ணு யாரும்மா? காட்டுங்க"ன்னு துபாஷி சொன்னது கேட்டுச்சு.

 லில்லி செருப்புச் சத்தம் மட்டும் பெஞ்சோட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போயிட்டு வந்துச்சு. ரெண்டு தடவை. ஒன்பது மாசக் குழந்தையா விட்டுட்டுப் போனவ. ஒரு ஃபோட்டோகூட நாங்க அனுப்பலை. எஸ்தர் பல்லைக் கடிச்சுக்கினு என் கையை நெரிச்சா, நகம் பதிஞ்சு போச்சு.

அப்புறம் எம் மக குரலு கேட்டுச்சு.

"எனக்குத் தெரியலைங்க ஐயா."

என் ஜெபம் அதோட செத்துப் போச்சுன்னு நெனச்சேன்.  அந்த ஆணியைப் புடிச்சுக்கினுதான் நின்னேன்.

"ஒரு பொண்ணைக் காட்டுங்கம்மா. உங்க பொண்ணுதானே"ன்னு துபாஷி மறுபடியும் கேட்டாரு.

"தப்பான புள்ளையைக் காட்டிட்டா இன்னாங்க பண்றது? அது வேற தாயோட புள்ளையாச்சே. நான் பெத்ததுதான் இங்க எங்கியோ இருக்கு, எனக்குத்தான் தெரியலை. எங்கப்பாவைத்தான் தெரியுது. அவரு பொய் சொல்ல மாட்டாருங்க, அவரையே கேளுங்க." அவ்வளவுதான் சொன்னா. அதுக்கப்புறம் அவ அழுத அழுகை இருக்கே, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அப்பன் செத்தாலும் பொண்ணுங்க அப்பிடி அழாது.

பொய் சொல்ல மாட்டாருன்னு சொன்னா. நான் சுரண்டினது அவளுக்குத் தெரியாது.

ஆபீசர் ஏதோ பேசினாரு. ரொம்ப நேரம் பேசினாரு. மேஜை டிராயர் திறக்கற சத்தம். எங்களைத் திரும்பச் சொன்னாங்க. ஜெயிலுக்குத்தான்னு நெனச்சுக்கினு திரும்பினேன். அந்த மனுஷன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கினு இருந்தாரு. 

"பெரியவரே, ஐயா சொல்றதைக் கேளுங்க. புள்ளையை மாத்திக் கொண்டாறவங்க எத்தனையோ பேரை இவரு பார்த்திருக்காரு. அவங்க எல்லாம் முன்னாடியே அடையாளம் சொல்லிக் கொடுத்து வெச்சிருப்பாங்க. உள்ள வந்ததும் சட்டுனு கை காட்டி, ஓடி வந்து கட்டிப் புடிப்பாங்க. தெரியலைன்னு சொன்ன தாயை இவரு இன்னிக்குத்தான் பார்க்கறாராம். சொந்தத் தாய்தான் தப்பாக் காட்ட இப்படிப் பயப்படுவாங்கறாரு. பர்மிட்டு நகல் இவரு ஆபீஸ்ல இருக்கு. ரெண்டு பேரும் ஒரே புள்ளையோடதுன்னு புள்ளையோட அப்பாவை வந்து சத்தியம் எழுதிக் கொடுக்கச் சொல்றாரு. நீங்க மூணு பேரும் போகலாம்."

எனக்கு முதல்ல புரியவே இல்லை. எஸ்தருக்குப் புரிஞ்சுது, தரையில உக்காந்துட்டா. ஆபீசர் ஓட்டை விழுந்த காயிதத்தை எனக்கு நேரா ஆட்டிக் காட்டி மலாயில ஒரு வசவு விட்டாரு. துபாஷி அதை மட்டும் தமிழ்ல சொல்லலை. எனக்கு வேண்டியதுதான்.

அப்ப லில்லி மூஞ்சியைத் துடைச்சுக்கினு ஆபீசரைப் பார்த்தே கேட்டா. "இப்பவாவது சொல்லுங்க ஐயா. இதுல எதுங்க எம் புள்ளை?"

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனா அவரே எழுந்து வந்து, பெஞ்சில ரெண்டாவதா இருந்த ஜெபமணி தலை மேல கை வெச்சாரு.

சனங்களே, நான் கேட்டது ஒண்ணு. எம் மகளுக்குப் புள்ளையை அடையாளம் தெரியணும்னு கேட்டேன். ஆண்டவர் அதைக் கொடுக்கலை. கொடுத்திருந்தா, அவ சரியாக் கை காட்டியிருந்தா, இவங்களும் சொல்லி வெச்சுக் கூட்டிக்கினு வந்த கூட்டம்தான்னு அந்த ஆபீசர் நெனச்சிருப்பாரு. ஏற்கெனவே கையில கள்ளக் காயிதம் வேற இருக்கு. எனக்குப் பதில் வந்ததே "தெரியலை"ங்கற வார்த்தையில. நான் அதைக் கேட்டு அவரு என்னைக் கைவிட்டுட்டாருன்னு ஆணியைப் புடிச்சுக்கினு நின்ன முட்டாளு.

ஜெபமணி ஆத்தாகிட்ட ஒரே நாள்ல ஒட்டிக்கலை, அதையும் சொல்லிடறேன். பத்து நாளு எஸ்தர் பின்னாடியே ஒளிஞ்சா. லில்லி சோறு ஊட்டப் போனா வாயை மூடிக்குவா. அப்புறம் ஒரு நாள் காய்ச்சல்ல படுத்தப்ப "அம்மா"ன்னு கூப்பிட்டா, யாரைன்னு லில்லி திரும்பிப் பார்த்துட்டு அப்பறம் ஓடினா. நாங்க ஜூன்ல ஊர் திரும்பறப்ப எங்களுக்காக அழுதவ, ஆத்தா இடுப்பைக் கட்டிக்கினுதான் அழுதா. மூச்சுத் திணறல் அந்த மண்ணுல படிப்படியாக் குறைஞ்சு போச்சு. இப்ப பதிமூணு வயசு. ஞாயித்துக்கிழமை சபையில பாடறாளாம்.

நான் மாறினது இன்னான்னு கேட்டா, பெருசா ஒண்ணும் இல்லை. முன்கோபம் அப்பிடியேதான் இருக்கு, எஸ்தரைக் கேளுங்க. உங்க புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல வேற பேரு போட்டிருக்கீங்கன்னு உங்களைத் திட்டவும் எனக்கு யோக்கியதை இல்லை, அந்தச் சலுகை இல்லாட்டி நம்ம வீட்டுப் புள்ளைங்க ஸ்லேட்டைத் தொட்டிருக்காது. ஆனா பயம் வந்தா நான் இப்ப பிளேடைத் தேடறதில்லை. ஆண்டவர் முன்னாடி முதல்ல நெஜத்தை வெச்சிடறேன், கேக்கறதை அப்புறம் கேக்கறேன்.

ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் கம்பெனி வரப்போகுதுன்னு நிலம் அளக்கறாங்க. காலனி பக்கம் எத்தினியோ வீட்டுல பயந்துக்கினு இருக்கீங்க, எனக்குத் தெரியும். வீடு போயிடுமா, வேலை கிடைக்குமா, புள்ளைக்கு ஒடம்பு தேறுமான்னு முட்டி போட்டுக் கேட்டுக்கினு இருப்பீங்க. கேட்டது நடக்காம வேற ஒண்ணு நடந்துச்சுன்னா உடனே எழுந்து போயிடாதீங்க. சுவத்தைப் பார்த்துக்கினாவது இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க. உங்களுக்குப் பின்னாடி அவரு இன்னா செஞ்சுக்கினு இருக்காருன்னு உங்களுக்குத் தெரியாது.